மூன்றேகால் நாழிகைக்கு எத்தனை மணி?

போன சீசனில் குற்றாலத்து அருவியில் பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் கோமதி என்னைப் பிடித்தாள். நான் வேலையை விட்ட பிறகு தென்காசி பாசன ஆபீசில் என் நாற்காலிக்கு வந்தவள் அவள். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் பேச முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து படிக்கட்டில் நிறுத்தினாள்.

"எக்கா, ஒரு சந்தேகம். பூவாணிக்குளத்துத் தண்ணி முறைச்சீட்டுல மட்டும் நாழிகைன்னு எழுத்தால எழுதி வச்சிருக்கே, அது ஏன்? மத்த குளத்துக்கெல்லாம் மணிக்கணக்குதானே? தணிக்கைக்கு வந்தவங்க, 'இது எந்தக் காலத்துக் கணக்கு, எடுத்துப் போடுங்க'ங்காங்க. எடுத்திரட்டா?"

"எடுத்திராத" என்றேன். சொன்ன வாயோடு, "எடுத்தாலும் எடுத்துக்கோ, இப்ப உள்ள வழக்கம் எனக்குத் தெரியல" என்றும் சொல்லிவிட்டேன். என் சின்ன மகள் வழுக்குப் பாறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பிடிக்க ஓடியதில் பேச்சு அத்தோடு நின்றது. வீட்டுக்கு வந்து துணி காயப்போடும்போது, நான் சொன்னதில் எது சரி என்று ஒரே குழப்பம். அலுவலர் மன்றத்தின் ஆண்டு மலருக்கு 'உங்கள் பணிக்கால அனுபவம்' என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தொரு வயதில் பணிக்காலம் முடிந்தவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு குழந்தைகளும் வீட்டுக்காரருடைய வேலை மாற்றமும் சேர்ந்து வந்ததால் விட்டேன். விட்டது சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை. அது வேறு கதை. கோமதிக்குச் சொல்லவேண்டிய பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப் பரீட்சை எழுதி, வேலை வாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்து நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது நயா பைசா புதுசு. கடையில் ஒரு விலை, பஸ்ஸில் ஒரு விலை. ஆறு அணாவுக்கு முப்பத்தேழா முப்பத்தெட்டா என்று கண்டக்டரோடு சண்டை போடாத நாள் கிடையாது. அதற்குப் பின்னால் படி போய் லிட்டர் வந்தது, மைல்கல்லில் கிலோமீட்டர் எழுத ஆரம்பித்தார்கள். எல்லாமே பத்தும் நூறுமாக மாறிக்கொண்டிருந்த காலம்.

ஆபீசில் என் வேலை, குளங்களில் மடை திறந்த நேரத்தையும் அடைத்த நேரத்தையும் வாங்கி மணிக்கணக்காக்குவது. மடை வழியாக ஒரு மணிக்கு இவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்கு இருக்கும். அதை எத்தனை மணி திறந்திருந்ததோ அதனால் பெருக்க வேண்டும். ஒரு மணி பதினெட்டு நிமிடத்தை எதனாலும் பெருக்க முடியாது. அதையே 1.3 மணி என்று எழுதினால் குழந்தைகூடப் பெருக்கிவிடும். நிமிடத்தை ஆறால் வகுத்தால் மணியில் பத்தில் ஒரு பங்குகள் கிடைக்கும். ஆறு நிமிடம் என்றால் .1, பதினெட்டு என்றால் .3, முப்பது என்றால் .5. இதில் எனக்குக் கஷ்டம் இல்லை. கஷ்டமெல்லாம் இருபது நிமிடத்தில்தான். அது .33 ஆகும். மூன்று இருபது நிமிடம் சேர்ந்தால் ஒரு மணி, மூன்று .33 சேர்ந்தால் .99. மிச்சம் எங்கே போயிற்று என்று முதல் மாதம் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

எங்கள் ஓவர்சீயர் பாளையங்கோட்டைக்காரர். ஞானமுத்து ஐயா என்று சொல்லுவோம். நான் பார்த்த வரையில் அவர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. காலையில் வந்ததும் சைக்கிள் கிளிப்பைக் கழற்றி மேசை ஓரத்தில் வைப்பார். பிறகு ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பார். சாரல் காலத்தில் எங்கள் ஆபீசிலிருந்து பார்த்தால் அருவி ஒரு வெள்ளை நூல் மாதிரி தெரியும். நூல் தெரிந்தால், "ம், விழுது" என்பார். தெரியாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏம்மா வடிவு, இன்னைக்கு மணிக்கு எத்தனை நிமிஷம்?" என்று கேட்பார். "அறுபதுங்கய்யா" என்று சொன்னால்தான் உட்காருவார்.

ஒவ்வொரு எண்ணையும் நான் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இரண்டு மணி முப்பது நிமிடம், இரண்டு புள்ளி ஐந்து." அவர் நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்ல மாட்டார். "சரிதான்... ஆனா சரியில்லையே?" என்று என்னையே கேட்பார். நான் மறுபடி போட்டுப் பார்ப்பேன். சரியாகச் சொன்ன நாளிலும் இதே கேள்வியைச் சும்மா கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார். நான் சரியானதை அடித்துத் தப்பாக மாற்றினால், "உங்க விடையை நீங்களே நம்பலேன்னா மத்தவன் எப்படிம்மா நம்புவான்?" என்பார். சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். அவர் கேட்டதால் அது குறைந்ததா கூடியதா என்று சொல்லத் தெரியவில்லை.

பெரியவன் பிறந்து, பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிப் போன வருஷம்தான் இரண்டும் ஒன்றாக வந்தது. ஒன்று, மேலிடத்து உத்தரவு: இனி எல்லா நேரமும் தசமத்தில், அதுவும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இடம் கண்டிப்பாக. இருபது நிமிடக் கணக்கு உள்ள கால்வாய்களுக்காக அந்த உத்தரவு. எங்கள் குளங்களுக்கும் அதுவே சட்டம். 1.3 என்று எழுதக்கூடாது, 1.30 என்று எழுத வேண்டும். இன்னொன்று, அந்த ஆவணியில் சாரல் நின்றுபோனது. மலையில் நூல் இல்லை. குற்றாலம் பஸ்கள் காலியாகப் போயின.

இதற்கு நடுவில் ஊருக்குள் ஒரு பேச்சு. அணா போயிற்று, படி போயிற்று, மைல் போயிற்று. அடுத்தது கடிகாரம்தான், இனி மணிக்கு நூறு நிமிடம் என்று சர்க்கார் மாற்றப்போகிறதாம். காய்கறிக் கடையில் ஒருத்தர் என்னிடமே கேட்டார்: "நீங்க ஆபீசுல இருக்கிய, நெசமாத்தான் சொல்லுதாவளா? அப்ப பகல் நீளுமா, குறையுமா?" நான் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில், ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ் குழந்தைக்கு மூன்று மணிக்கு ஒரு தடவை பால் கொடுக்கச் சொல்லியிருந்தார். மணி நூறு நிமிடமானால் பிள்ளைக்கு எந்தக் கணக்கில் கொடுப்பது?

என் மாமியார் பால் நேரத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வருவார். பழைய காகிதக் கட்டு வைக்கிற அறையில் உட்கார்ந்து பால் கொடுப்பேன். ஐந்து நிமிடம் பிந்தினால், "புள்ளைக்கு உன் ஆபீசு மணி தெரியாது கேட்டியா" என்பார்.

பூவாணிக்குளத்துக்கு இரண்டு மடை. தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள்: ஒரு நாள் கீழமடை, அடுத்த நாள் மேலமடை, அதன் பிறகு குளம் ஊற ஆறு நாள் அடைப்பு. ஒரு நாள் என்பது காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை, அறுபது நாழிகை. கீழமடையில் பதினைந்து வயல். ஒவ்வொரு வயலுக்கும் இத்தனை நாழிகை என்று பரம்பரையாக வந்த பங்கு உண்டு. யாருக்கு எவ்வளவு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஒருத்தருக்குச் சொத்து எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். நாழிகை எவ்வளவு என்றால் உடனே வரும். நாழிகைக்கு இருபத்துநாலு நிமிடம். நான் நாழிகையை நிமிடமாக்கி, நிமிடத்தை மணியாக்கி, இரண்டு தசம இடத்தோடு வயலுக்கு ஒரு சீட்டு எழுதினேன். கூட்டினேன். 24.00. ஐயா நீலப் புள்ளி வைத்தார். சீட்டுகள் மடைக்காரர் மாடசாமியிடம் போயின. மடை அவர் பொறுப்பு. ஆபீஸ் கொடுத்த டைம்பீஸ் ஒன்றை வேட்டி மடிப்பில் வைத்திருப்பார்.

சீட்டுப் போன அன்று மாலை பேச்சியம்மாள் ஆபீசுக்கு வந்தாள். கீழமடையில் கடைசி வயல் அவளுடையது. புருஷன் தேயிலைத் தோட்ட வேலைக்கு மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். இடுப்பில் கைக்குழந்தை, என் பிள்ளை வயதுதான் இருக்கும்.

"எக்கா, என் முறை எப்ப வரும்? பயிரு கதிரு தள்ளாம பொதியில நிக்கு. இந்தத் தண்ணி தப்பிச்சுன்னா எல்லாம் பால் பிடிக்காம சாவியாப் போயிரும். அடுத்த முறை வருத வரைக்கும் தாங்காது."

"உங்க பங்கு எவ்வளவு?"

"மூணேகால் நாழிகை. எங்க மாமனாரு காலத்துலருந்து."

நான் கணக்குப் போட்டேன். எழுபத்தெட்டு நிமிடம். கடைசி வயல் என்பதால் ஆறு மணிக்கு முடியும். "நாளைக் கழிச்சு விடியக்காலம் நாலே முக்காலுக்கு வாய்க்கால்ல தண்ணி வந்துரும். மண்வெட்டியோட இருங்க" என்றேன். அவள் அந்த நேரத்தை முனகிக்கொண்டே படி இறங்கினாள். அவள் போன பிறகு நாலே முக்காலா, நாலு நாற்பத்திரண்டா என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. மூன்று நிமிடம் பிந்திச் சொல்லிவிட்டேனே என்று அன்றெல்லாம் மனசுக்குள் அரித்தது.

முறை முடிந்த அன்று காலை நான் ஆபீஸ் கதவைத் திறக்கும்போதே அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சேலை ஓரமெல்லாம் காய்ந்த சேறு.

"நாலே முக்காலுன்னிய" என்றாள். "ஆறு மணிக்கு மடைய அடைச்சிட்டாவ. ஒரு சொட்டு வரல. எனக்கு மட்டுமில்ல, எனக்கு மேல உள்ள ரெண்டு வயலுக்கும் வரல."

உள்ளே போய்க் கணக்கை எடுத்துக் கூட்டினேன். இருபத்துநாலு. கீழிருந்து மேலாகக் கூட்டினேன். இருபத்துநாலு. ஐயா வந்தார். மலையைப் பார்க்கவில்லை, மணிக்கு எத்தனை நிமிடம் என்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கூட்டினார். "சரிதான்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா சரியில்லையே" என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் என்னைச் சோதிப்பதற்காக அதைச் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஏறி இலஞ்சி விலக்கில் இறங்கி நாங்கள் மூன்று பேரும் குளத்துக்கு நடந்தோம். கிளம்பும்போது மாமியார் பால் நேரத்துக்கு வருவாரே என்று நினைவு வந்தது. சொல்லி அனுப்ப ஆள் இல்லை. நடக்கிற வழியெல்லாம் இரண்டு கணக்கு மனசுக்குள் ஓடியது. காலை ஏழரைக்குப் பால் கொடுத்தேன், பத்தரைக்கு அடுத்தது. அறுபது நாழிகையில் அந்த மூன்று வயலுக்கு உரிய எட்டேகால் நாழிகை எங்கே போயிற்று?

கரையில் மாடசாமி உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். மேலமடையில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"என்னய்யா மாடசாமி, கீழமடையில மூணு வயல் பாயலியாமே?" என்றார் ஓவர்சீயர்.

"நான் என்னய்யா செய்ய? சீட்டுல உள்ளபடிதான் விட்டேன். ஒரு நிமிசம் கூட்டல, குறைக்கல."

"முதல் வயலுக்கு எவ்வளவு விட்டீங்க?" என்று நான் கேட்டேன்.

"ஐயம்பெருமா அண்ணாச்சிக்கா? ரெண்டு மணி அம்பது நிமிசம்."

"சீட்டுல என்ன இருக்கு?"

எடுத்துக் காட்டினார். 2.50 என்று என் கையெழுத்து. அது இரண்டரை மணி. ஆனால் அந்தச் சைபரோடு பார்த்தால் யாருக்கும் அது இரண்டு மணி ஐம்பது நிமிடம்தான். பஸ் அட்டவணையில் அப்படித்தானே எழுதுகிறார்கள்?

"அப்ப 1.80ன்னு ஒண்ணு இருந்துதே, அதை என்ன செஞ்சிய? எம்பது நிமிசம்னு எங்கயாவது உண்டா? ஏன் கேக்கல?"

"ஒரு மணியும் எம்பது நிமிசமும் விட்டேன். கேக்கணும்னுதான் நினைச்சேன் தாயி. மணிக்கு நூறு நிமிசம் ஆக்கிட்டாவன்னு ஊரெல்லாம் சொல்லுதாவ. சரி, சர்க்கார் சீட்டு, அதுல அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

ஞானமுத்து ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எழுதினது சரி, படித்தது எவரும் படிக்கிற மாதிரி, கூட்டினது சரி. ஒவ்வொரு வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கூடப் போய், கடைசி மூன்று வயலின் பங்கு மேலே உள்ளவர்களின் பயிரில் நிற்கிறது. இதில் தப்பு யாருடையது என்று நான் அப்போதும் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன்.

மேலமடைச் சீட்டிலும் அதே எழுத்து. ஐயா உடனே அந்தச் சீட்டுகளை வாங்கி, நீலப் பென்சிலால் ஒவ்வொன்றிலும் நிமிடத்தை எழுதினார். அதற்குள் மேலமடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். "கீழமடைக்கு எங்க முறையிலருந்து மூணு மணி குடுக்கணும்னு மட்டும் சொல்லிராதிய. எங்களுக்கே அறுபது நாழிகைதான்" என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. அவர்களுக்கும் கடைசி வயல் இருக்கிறதே.

பேச்சியம்மாள் குழந்தையை இடுப்பு மாற்றிவிட்டுக் கேட்டாள்: "என் தண்ணி எங்க நிக்கு? அதைச் சொல்லுங்க. அங்கன போய்க் கேக்கேன்."

எல்லாரும் கீழமடை முதல் வயலைப் பார்த்தார்கள். ஐயம்பெருமாள் அண்ணாச்சி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். வயலில் தண்ணீர் தளும்ப நின்றது.

"எம்மா, விட்ட தண்ணிய திருப்பிக் கேக்க ஊரு எங்கயாவது உண்டா?" என்று அவர் அங்கிருந்தே சத்தம் போட்டார். "நானா மடையத் திறந்தேன்? சர்க்கார் சீட்டு, சர்க்கார் ஆளு. பாஞ்சது பாஞ்சதுதான்."

ஓவர்சீயர் என்னைப் பார்த்து, "யாருக்கு எவ்வளவு கூடப் போச்சுன்னு சொல்லுங்கம்மா" என்றார்.

நான் தைரியமாக ஆரம்பித்தேன். "அண்ணாச்சிக்கு இருபது நிமிஷம் அதிகம். அதாவது புள்ளி மூணு மூணு மணி. அடுத்த வயலுக்கு..."

"என்னது? புள்ளியா?" என்றார் அண்ணாச்சி. "புள்ளி வச்சுத்தானே இம்புட்டும் வந்துச்சு!"

கூட்டம் சிரித்தது. அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மாளின் பிள்ளை பசியில் வீறிட்டது. அந்த அழுகை கேட்டதும் எனக்குப் பால் சுரந்துவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரை மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பத்தரை தாண்டியிருக்கும். ஒரு குச்சியை எடுத்துத் தரையில் எழுத ஆரம்பித்தேன். எழுதினால் எனக்குக் கொஞ்சம் பயம் போகும்.

முதலில் நாழிகையை எழுதினேன், பக்கத்தில் மணியை. ஆறேகால் நாழிகை, இரண்டு புள்ளி ஐந்து. மூன்றேகால், ஒன்று புள்ளி மூன்று. இரண்டு, புள்ளி எட்டு. அப்போதுதான் கண்ணில் பட்டது: கால் நாழிகை என்பது ஆறு நிமிடம், ஆறு நிமிடம் என்பது சரியாக .1 மணி. பிசிறே கிடையாது. ஊரில் ஒருத்தருடைய பங்கும் காலுக்குக் கீழே பிளக்கவில்லை. அதனால் எந்தப் பங்குக்கும் இரண்டாவது தசம இடம் தேவையே இல்லை. அங்கே எப்போதும் சைபர்தான். ஒன்றுமில்லாத அந்தச் சைபரை எழுதியதால்தான் புள்ளிக்குப் பின்னால் நிமிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை நாள் நாழிகையை நிமிடமாக்கி, பிறகு மணியாக்கி என்று சுற்றி வந்தேனே, நடுவில் நிமிடத்துக்கு வேலையே இல்லை.

இதை ஐயாவிடம் சொல்ல நிமிர்ந்தேன். பிறகு, இப்போது இது எதற்கு என்று தோன்றியது. குச்சியை ஊன்றி எழுந்து, நாழிகையில் சொன்னேன்.

"அண்ணாச்சி, உங்க பங்கு ஆறேகால் நாழிகை. பாஞ்சது ஏழு நாழிகைக்கு மேல."

அவர் முகம் மாறியது. நிமிடத்திலும் புள்ளியிலும் சொன்னபோது சிரித்தவர்தான்.

"என்ன சொல்லுத?"

பேச்சியம்மாள் விடவில்லை. "கேட்டியளா அண்ணாச்சி? உங்க பாட்டன் காலத்துலருந்து ஆறேகால். எப்பலருந்து ஏழாச்சு? பத்திரம் மாத்தி எழுதிட்டியளா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"ஏட்டி, வாய அடக்கு."

"நான் அடக்கிருவேன். நாளைக்கு ஊருல, ஐயம்பெருமா அண்ணாச்சிக்கு நாழிகை ஏழுன்னு சொன்னா யாரு வாய அடக்குவிய?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒருத்தனைத் திருடன் என்று சொன்னால்கூடச் சண்டை போட்டுவிட்டுப் போய்விடுவான். அடுத்தவன் நாழிகையில் பாய்ச்சினான் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அண்ணாச்சி கொஞ்ச நேரம் தன் வயலையே பார்த்தார்.

"நான் யாரு நாழிகையும் எடுக்கல" என்றார். குரல் இறங்கியிருந்தது. பிறகு மாடசாமியைப் பார்த்து, "ஏலே, வேடிக்கை பாக்காத. மண்வெட்டிய எடு" என்றார்.

வயலின் கீழ்ப்பக்க வரப்பை அவரே வெட்டினார். நின்ற தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. எவ்வளவு விடவேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இருபது நிமிடத் தண்ணீரை வயலில் எப்படி அளப்பது? அதில் பாதி மண்ணுக்குள் போயிருக்குமே? மணியைத் தண்ணீராக மாற்ற எனக்குத் தெரியும். தண்ணீரைத் திரும்ப மணியாக மாற்ற எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து, அவர் விரலை வயலுக்குள் ஊன்றிப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு விரல் அளவு இறங்கியதும் வரப்பை அடைத்தார். "போதுமா?" என்று பேச்சியம்மாளைக் கேட்டார். "உங்க மனசுக்குப் போதும்னா சரி" என்றாள் அவள். இன்னும் கொஞ்ச நேரம் திறந்துவிட்டார்.

முதல் வயல்காரர் வெட்டிய பிறகு மற்றவர்கள் சும்மா நிற்க முடியவில்லை. நான் ஒவ்வொரு வரப்பாகப் போய் அவரவர் பங்கையும் பாய்ந்ததையும் நாழிகையில் சொன்னேன். பெரும்பாலானவர்கள் வெட்டினார்கள். இரண்டு பேர், வேலை கிடக்கு என்று போய்விட்டார்கள். ஓவர்சீயர் சைக்கிள் கிளிப் இல்லாத பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். ஒரு இடத்தில் நான் அரை நாழிகை தப்பாகச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "திருத்திக்கிடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

வாய்க்காலில் தண்ணீர் போகிற வேகம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாங்கள் அதோடு கூடவே நடந்தோம். காய்ந்த இடங்களில் அது நின்று நின்று போயிற்று. தண்ணீர் கிடைக்காத மூன்றில் மேலே இருந்த வயலுக்குப் பாய்ந்தது, அடுத்ததற்குப் பாய்ந்தது. கடைசியில் பேச்சியம்மாளின் வயலுக்குள் நுழைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மண்வெட்டியோடு உள்ளே இறங்கினாள். அந்தப் பிள்ளை என் சேலையில் முகத்தைத் தேய்த்தது. நான் யோசிக்கவில்லை, வரப்பு மறைவில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள், மறுபடி குனிந்து மண்ணை வெட்டினாள்.

தண்ணீர் வயலில் முக்கால்வாசிக்கு மேல் பரவியது. வடக்கு மூலை மட்டும் கொஞ்சம் மேடு. அங்கே ஏறுவதற்குள் வாய்க்கால் வற்றிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது என் பிள்ளை அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தான். மாமியார் ஆபீசுக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். "எத்தனை மணி நேரமாச்சு தெரியுமா புள்ள பால் குடிச்சு?" என்றார். ஆறு மணி நேரமா, ஆறரையா, அதை எப்படி எழுதுவது, எத்தனை நாழிகை என்று ஏதேதோ ஓடியது. கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஐயா, "அந்தச் சைபரை எடுத்திருங்கம்மா" என்றார். எனக்கும் முதலில் அதுதான் சரி என்று பட்டது. சீட்டை 1.3 என்று எழுதிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். மாடசாமி இதை எப்படிப் படிப்பார்? ஒரு மணி மூன்று நிமிடம். எல்லாருக்கும் குறைத்துப் பாய்ச்சி, கடைசியில் மிஞ்சுகிற தண்ணீரெல்லாம் ஓடைக்குப் போகும். சைபர் இருந்தால் கடைசி வயல் காயும். இல்லாவிட்டால் எல்லா வயலும் காயும். ஐயாவிடம் சொன்னேன். "நிமிஷமாவே எழுதினா?" என்றார். நிமிடத்தில் எழுதினால் மேலிடம் திருப்பி அனுப்பும். அதோடு, தன் பங்கு எழுபத்தெட்டு நிமிடம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பாய்ந்தது கூடவா குறையவா என்று அவர்களால் கேட்க முடியாது.

கடைசியில் மேலே 'மூன்றேகால் நாழிகை' என்று எழுத்தால் எழுதினேன். மடைக்காரருக்காக அதற்குக் கீழே 'ஒரு மணி பதினெட்டு நிமிடம்', அதுவும் எழுத்தால். அடியில் சின்னதாக, மேலிடத்துக்கு, 1.30. ஐயா மூன்றையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். நீலப் புள்ளி வைத்தார். அந்தக் குளத்துச் சீட்டு அப்படியே நின்றுவிட்டது. கோமதி, நீ பார்த்தது அதுதான்.

அறுப்பு முடிந்த பிறகு பேச்சியம்மாள் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தாள். நின்று, என் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். "வடக்கு மூலை மட்டும் சாவி. மத்தது நெல்லு" என்றாள். பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள்.

அந்த மூலை எத்தனை நிமிடம் என்று நான் பலநாள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வெட்டாமல் போன அந்த இரண்டு பேருடையதா, மண் குடித்ததா, நான் தப்பாகச் சொன்ன அரை நாழிகையா? ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது. இதை எழுதும்போதும் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறேன். மலரில் போட்ட பிறகு இன்னும் நாலு தப்பு கண்ணில் படும். ஆனால் அருவிக்கரையில் உன்னிடம் இரண்டு விதமாகச் சொன்னேனே கோமதி, அதில் முதலில் சொன்னதை வைத்துக்கொள்.

எடுத்திராத.